மென்னமிலமும் மென்சருமமும்

பேசாலையிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். கொழும்பிலே தொழில் பார்க்கும் மகள் விடுமுறைக்கு வீடு வந்தபோது அவளுடைய கைப்பெட்டியில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருந்ததாம். இரவிலே அதிலிருந்து நான்கு துளி எடுத்து முகத்திற் பூசிக்கொண்டு படுக்கிறாளாம். குப்பியின் மேல் 'அசிட்' என்று எழுதியிருக்கக் கண்ட தாயாருக்கு நெஞ்சு பகீரென்றது. "ஐயா, மூன்று நாளாக எனக்கு உறக்கமில்லை. முகத்துக்கு யாரேனும் அமிலம் பூசுவார்களா? குப்பியை எடுத்துக் கடலில் எறிந்துவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

எறிய வேண்டாம், அம்மா. ஆனால் உங்கள் அச்சத்தைச் சிரித்துத் தள்ளவும் என்னால் இயலவில்லை. அமிலம் என்ற சொல்லைக் கேட்டு நீங்கள் நடுங்குகிறீர்கள். அதே சொல்லைக் கேட்டுச் சற்றும் நடுங்காத ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். அவளுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட்டே உங்கள் வினாவுக்கு வருகிறேன். அதில் என் பங்கும் உண்டு.

சென்ற ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கிய நாள். உயர்தர வகுப்பில் இரசாயன பாடம். முன் வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி அன்று பின் வரிசையில், கைக்குட்டையால் முகத்தை மறைத்தபடி இருந்தாள். பாடம் முடிந்ததும் அழைத்து விசாரித்தேன். கைக்குட்டையை எடுத்தாள். இடக் கன்னத்திலே கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை கோடு கோடாகக் கருமை; கொதிக்கும் தேநீர் வழிந்த தடம் போலிருந்தது.

"என்ன பிள்ளை, சுட்டுக்கொண்டாயா?" என்றேன்.

"இல்லை, சேர். தேசிக்காய் பூசினனான்" என்றாள். பிறகு, குற்றஞ் சாட்டும் குரலில் அன்று, உண்மையிலேயே விளங்காத குரலில், "தேசிக்காய்ப் புளி மென்னமிலம் எண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

நான் படிப்பித்தது உண்மைதான். தேசிக்காயில் உள்ளது சித்திரிக்கமிலம், அது மென்னமிலம். கரும்பலகையில் எழுதிக் கீழே கோடும் இட்டிருந்தேன்.

அவள் கதை இது. ஆவணியிலே தமக்கைக்குத் திருமணம். உறவில் ஒரு பெரியம்மா, "கருவாடு காயப்போட்டுக் காயப்போட்டு நீயும் கருவாடாய்ப் போனாயே" என்று நாலு பேர் முன்னிலையிற் சொல்லியிருக்கிறார். பிள்ளை அன்றிரவே தீர்மானித்துவிட்டாள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பாதித் தேசிக்காயைக் கன்னத்தில் அழுத்தித் தேய்த்து, சாற்றைக் கழுவாமலே தாயோடு கடற்கரைக்குப் போய், காயப்போட்டிருந்த மீனைப் புரட்டிக்கொண்டு நண்பகல்வரை நின்றாள். திங்களன்று கன்னம் சிவந்தது, செவ்வாயன்று கொப்புளம், அது அடங்கியதும் சாறு வழிந்த பாதையெல்லாம் கருமை.

இரசாயனத்தில் 'மென்' என்னும் அடைமொழி எதைக் குறிக்கிறது என்பதை அவளுக்கு அன்று மீண்டும் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். நீரிற் கரைந்ததும் மூலக்கூறுகள் யாவும் பிரிந்து ஐதரசன் அயனைத் தருமாயின் அது வன்னமிலம். மோட்டார் மின்கலத்திலுள்ள சல்பூரிக்கமிலம் அவ்வகை. சிறு பங்கே பிரியுமாயின் மென்னமிலம். அவ்வளவுதான். தோலுக்கு இதமானது என்ற பொருள் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை. இறப்பர்ப் பாலை உறையச் செய்யும் போமிக்கமிலமும் மென்னமிலமே. செறிவாக உடம்பிற் பட்டால் தோல் வெந்துவிடும். கலைச்சொல் ஆக்கியோர் மீது பிழையில்லை. நாட்டு வழக்கில் ஒரு பொருளும் வகுப்பறையில் வேறொரு பொருளும் உடைய சொல்லைக் கையாளுகிறோம் என்பதை ஒரு வார்த்தையில் எச்சரித்திருக்க வேண்டியவன் நான். இருபது ஆண்டுகளாக எச்சரிக்கவில்லை.

அமிலத்தின் கடுமையை அறிய வேறோர் அளவு உண்டு, பீ.எச். பெறுமானம் என்பர். அந்த எண் ஒரு படி குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடும். நமது சருமத்தின் மேற்பரப்பே சற்று அமிலத்தன்மை உடையதுதான்; அதன் பெறுமானம் 5-ஐ அண்டியது. தேசிக்காய்ச் சாறு 2-க்கும் இரண்டரைக்கும் இடையில் நிற்கும். ஆகவே சருமத்தைவிடச் சாறு சில நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்குவரை அமிலத்தன்மை மிக்கது. மறுபுறத்தில், சாதாரணச் சவர்க்காரத்தின் பெறுமானம் 9, 10 என்ற அளவில் இருப்பதால் அதை நாளுக்கு நான்கு முறை தேய்ப்பதும் சருமத்துக்கு உகந்ததன்று.

அந்தப் பிள்ளையின் கன்னத்தைக் கறுக்க வைத்தது புளிப்பு மாத்திரமும் அன்று. தேசிக்காயில், சிறப்பாக அதன் தோலில், பியூரோகூமரின் என்னும் ஒருவகைப் பொருள்கள் இருக்கின்றன. இருட்டில் அவை சாதுவானவை. சூரியனின் புறவூதாக் கதிர் பட்டதும் சருமத்தின் உயிரணுக்களைத் தாக்கிப் புண்ணாக்கும். இஃது ஒவ்வாமை அன்று, யாருக்கும் நேரலாம். காயம் உடனே தெரியாது. ஒரு நாள் இரண்டு நாள் கழித்தே தெரியும். புண் ஆறிய பின்னும் கருமை கிழமைக் கணக்கில், சிலருக்கு மாதக் கணக்கில் நிற்கும். நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும் சருமத்தில் எங்கே அழற்சி உண்டானாலும் அது கறுப்புத் தழும்பாகவே முடியும் இயல்பு அதிகம். வெள்ளைத் தோலினருக்கு எழுதப்பட்ட அழகுக் குறிப்புகளை நாம் அப்படியே பின்பற்றலாகாது என்பதற்கு முதற்காரணம் இதுவே.

இனிப் பேசாலை அம்மையாரின் குப்பிக்கு வருவோம்.

நமது மேற்றோலின் வெளிப்புறத்தில் உயிரற்ற அணுக்கள் தட்டுத் தட்டாக, பதினைந்து இருபது அடுக்கு வரை, ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்டிருக்கின்றன. கீழே புதியவை பிறக்க, மேலேயுள்ளவை நம் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கும். கீழே பிறந்த அணு மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் செல்லும். வயது ஏற ஏறவும், தோல் மிக வரண்டபோதும் இந்த உதிர்வு மந்தமாகிச் சருமம் சொரசொரப்பாகவும் மங்கலாகவும் தோன்றும். சில அமிலங்கள், தக்க அளவிற் பூசினால், இந்த ஓடுகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி உதிர்வைச் சீராக்குகின்றன. மணலும் சீனியும் கொண்டு தேய்ப்பதைப் போல அவை சுரண்டுவதில்லை.

இதை மருத்துவ உலகம் கண்டறிந்தது அழகைத் தேடியன்று. மீன் செதில் போலத் தோல் வெடித்து உரியும் பிறவி நோய் ஒன்று உண்டு. அதன் மேனாட்டுப் பெயரே மீனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அமெரிக்காவில் வான் ஸ்கொட், யூ என்னும் இருவர், கிளைக்கோலிக்கமிலம், இலற்றிக்கமிலம் முதலிய அல்பா ஐதரொட்சி அமிலங்களைப் பூசினால் அந்தச் செதில்கள் நீங்குகின்றன என்று 1974-இல் வெளியிட்டார்கள். முகப்பூச்சு வாணிகம் அதன் பின்னர் வந்தது.

இலற்றிக்கமிலம் புளித்த பாலில் இருப்பது. 1780-இல் சுவீடன் நாட்டு ஷீலே அதைப் பிரித்தெடுத்தார். உரோமை மன்னன் நீரோவின் மனைவி பொப்பேயா பாலில் நீராடுவதற்காக ஐந்நூறு கழுதைகளை உடன்கொண்டு செல்வாள் என்று பிளினி எழுதிவைத்திருக்கிறார். மன்னார்ப் பட்டினத்து வீதிகளிலே படுத்துக் கிடக்கும் கழுதைகளை நம் மாணவர்கள் இனிமேல் வேறு கண்ணோடு பார்க்க வேண்டாம். புதிதாய்க் கறந்த பாலில் இந்த அமிலம் மிகச் சொற்பம், புளித்தால்தான் பெருகும்.

கடையில் விற்கும் அமிலங்களுள் மென்சருமத்துக்கு எதைத் தெரிவது? மென்சருமம் என்று நான் குறிப்பது, சவர்க்காரம் மாறினாலே எரிவு காண்பதும், வெயில் பட்டால் சிவந்து கடிப்பதுமான சருமத்தை. இங்கே நினைவில் வைக்க வேண்டியது மூலக்கூறின் பருமன். சிறியது விரைந்து உள்ளே இறங்கும்; ஆகையால் எரிச்சலும் விரைவில் தரும். பெரியது மெல்ல இறங்கும். கரும்பிலும் காணப்படும் கிளைக்கோலிக்கமிலத்தின் மூலக்கூற்று நிறை 76. இவற்றுள் மிகச் சிறியது, மிக விரைவானது. விளம்பரத்தில் முதலிடம் அதற்கே. மென்சருமத்தார் அதைக் கடைசியில் வைக்க வேண்டும். இலற்றிக்கமிலம் 90. பருமனிற் பெரிய வேறுபாடு இல்லையே எனலாம். ஆயின் நம் சருமம் தன் ஈரத்தைக் காக்கத் தானே வைத்திருக்கும் பொருள்களுள் இலற்றிக்கமிலச் சேர்வைகளும் உள்ளன. அதனால் அது உதிர்ப்பதோடு ஈரத்தையும் பிடித்துவைக்கும். மண்டெலிக்கமிலம் 152, கசப்பு வாதுமையிலிருந்து முதலிற் கிடைத்ததால் வாதுமையின் ஜெர்மன் பெயரே அதற்கு அமைந்தது. அது மந்தமாக வேலை செய்யும். அந்த மந்தமே நமக்கு வேண்டிய குணம். இவற்றிலும் சாதுவானவை குளுக்கோனோலற்றோன், லற்றோபயோனிக்கமிலம் என்பன. முன்னதன் நிறை 178, பின்னதன் நிறை 358. அமிலம் என்றாலே முகம் சிவப்பவர்கள் இவற்றிலே தொடங்கலாம்.

சலிசிலிக்கமிலம் வேறு குடும்பம். அது எண்ணெயிற் கரைவதால் எண்ணெய் வடியும் முகத்தில், பரு அடைத்த துவாரங்களுக்குள் இறங்கவல்லது. கடைச் சரக்கில் பெரும்பாலும் அரை வீதம் முதல் 2 வீதம் வரை இருக்கும். வரண்ட முகத்துக்கு அது வேண்டாதது. அஸ்பிரின் ஒவ்வாதவர் அதைத் தொடலாகாது. கருவுற்றிருப்பவர் வைத்தியரைக் கேளாமற் பூசலாகாது.

பெயரைப் பார்த்தாற் போதாது, வீதத்தையும் பீ.எச். பெறுமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் அழகுப் பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1998-இல் வகுத்த எல்லை, கிளைக்கோலிக், இலற்றிக் அமிலங்கள் 10 வீதத்துக்கு மேற்படாமலும் பீ.எச். மூன்றரைக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது. அது எல்லோருக்கும் பொதுவான மேலெல்லை. மென்சருமத்தார் 5 வீத இலற்றிக்கமிலத்துக்கு மேலே போக அவசரப்பட வேண்டியதில்லை. 20 வீதம், 30 வீதம் என்று சிவப்பு நிறக் குப்பிகளில் வருவன வைத்தியர் கையில் இருக்க வேண்டியவை. வீதமே குறிக்காத குப்பியை வாங்குவது, சீட்டில்லாத மருந்தைக் குடிப்பதற்கு ஒப்பு. வாசனைத் திரவியம் சேர்ந்ததையும் தவிர்த்தல் நலம். எரிச்சலுக்கு அதுவே காரணமாய் இருந்து, பழி அமிலத்தின் மேல் விழுவதுண்டு.

இவையெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைத்தான் குப்பியின் மேலுள்ள துண்டுச்சீட்டு போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

மன்னார் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும், நண்பகற் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும். உலகச் சுகாதார நிறுவனம் புறவூதாக் கதிரின் வலுவை எண்ணாற் குறித்து, 11-உம் அதற்கு மேலும் என்றால் அதிதீவிரம் என்கிறது. முகில் இல்லாத நாளில் நம் நண்பகல் அந்த வரிசையில் நிற்பது. மேலிருந்து வருவதோடு முடிவதில்லை. உலர்ந்த கடற்கரை மணல் அக்கதிரில் 15 வீதத்தையும் கடல் நுரை 25 வீதத்தையும் திருப்பி எறிகின்றன. குடை பிடித்தவருக்கும் கீழிருந்து வெயில். காற்றோ, 2020-இல் தீவின் தென்கரை நெடுகக் காற்றாலைக் கோபுரங்களை நாட்டும் அளவுக்கு வலியது. சோளகம் வீசும் மாதங்களில் பெரும்பாலத்தைக் கடந்து சைக்கிளில் வந்த பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். உப்பும் தூசும் படிந்து பனங்கிழங்குத் தோல்போல வரண்டிருக்கும்.

அல்பா ஐதரொட்சி அமிலம் பூசிய சருமம் வெயிலுக்கு இன்னும் இளகிக் கொடுக்கும். 10 வீதக் கிளைக்கோலிக்கமிலத்தை நான்கு கிழமை பூசியோரின் சருமம் புறவூதாக் கதிரால் எளிதிற் சிவப்பதை ஆய்விற் கண்டார்கள். பூச்சை நிறுத்தியபின் ஒரு கிழமைக்குள் அந்த மாற்றம் மறைந்தது. 2005 முதல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை, இப்பொருள்களின் மேல் வெயில் எச்சரிக்கை அச்சிடுமாறு கூறிவருகிறது: பூசும் காலத்திலும், நிறுத்திய பின் ஒரு கிழமையும், வெயிலைத் தவிர்க்க; வெயிற்காப்புப் பூச்சு இடுக. ஆகையால் நம் கரையில் இந்தப் பூச்சு இரவுக்கு மாத்திரமே உரியது. மறுநாள் நெடுநேரம் கடற்கரையில் நிற்க வேண்டிய வேலை உள்ளவர், அந்த வேலை முடியும் காலம்வரை அமிலத்தை எண்ணவே வேண்டாம். வெயிற்காப்புப் பூச்சும் தொப்பியும் வாங்கப் பணம் போதாது, அமிலம் வாங்க மட்டுமே போதும் என்றால், முதலிரண்டையும் வாங்குங்கள்.

தொடங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி; இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். நானும் அவ்வாறே 5 வீத இலற்றிக்கமிலத்தை என் கையிற் பூசிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் இலேசாகக் குறுகுறுத்து அடங்கியது. அந்த அளவு இயல்பு. எரிவு நிலைத்தால் நீர் விட்டுக் கழுவிவிட்டு அந்தக் குப்பியை மறந்துவிட வேண்டும். முகத்துக்குக் கிழமைக்கு ஓரிரவு; மாதம் ஒன்று சுகமாகக் கழிந்தால் இரண்டிரவு. அதற்கு மேல் மென்சருமத்துக்குத் தேவையில்லை. பூசியபின் வாசனையற்ற ஈரக்களிம்பு கொஞ்சம். சவரம் செய்த அன்று ஆண்பிள்ளைகள் பூச வேண்டாம். கரப்பான், வெடிப்பு, புண் உள்ள இடத்தில் பூசவே வேண்டாம். பருவுக்காக வைத்தியர் இரவு மருந்து ஏதும் தந்திருந்தால், அவரைக் கேளாமல் இதைச் சேர்க்க வேண்டாம்.

தயிர் ஆகாதா என்று கேட்பீர்கள். நல்ல தயிரில் இலற்றிக்கமிலம் ஏறத்தாழ ஒரு வீதம், பீ.எச். நாலரை அளவில் இருக்கும். பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. பெரும் பயனும் எதிர்பார்க்க வேண்டாம். பயற்றம்மா கொண்டு மெல்லக் கழுவிக்கொள்வது நம் பாட்டிமார் வழி. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். அந்த வயதில் சருமம் தானே தன் காலத்தில் உதிர்ந்துகொள்ளும்.

ஒன்றை மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். இந்த அமிலங்கள் எவையும் பிறவி நிறத்தை மாற்றுவதில்லை. மாற்றும் என்று சொல்லி விற்பவன் குப்பிக்குள் வேறெதையோ வைத்திருக்கிறான் என்று ஐயுறுங்கள். முகம் வெளுக்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலப்பது உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2013-இல் எழுந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருள்களை 2020-க்குப் பின் உற்பத்தி செய்யவும் ஏற்றுமதி இறக்குமதி செய்யவும் கூடாதென்றது. மினமாட்டா என்பது ஜப்பானிலே ஒரு மீனவர் குடா. தொழிற்சாலை கொட்டிய பாதரசம் மீனில் ஏறி, அந்த மீனை உண்ட குடும்பங்களை முடமாக்கிய செய்தி 1956-இல் வெளிப்பட்டது. மீன் தின்று வாழும் கரையிலுள்ள நமக்கு அந்தப் பெயர் நினைவில் இருக்க வேண்டும்.

என் மாணவியை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். வைத்தியர் கொடுத்தது சாதாரணக் களிம்பு. சொன்னது ஒரே சொல், நிழல். கருவாடு புரட்டும் வேலையை அவளுடைய தம்பி சில மாதம் ஏற்றுக்கொண்டான். ஆவணியில் நானும் அந்தத் திருமணத்துக்குப் போயிருந்தேன். தாடையோரத்தில் ஒரே ஒரு கோடு மட்டும் மங்கலாக எஞ்சியிருக்க, அவள் மணப்பெண்ணுக்கு அருகே ஆரத்தித் தட்டோடு நின்றாள். படம் பிடிப்பவர் அந்தப் பக்கத்தை மறைத்து நிற்கச் சொன்னபோது, இவள் மறுத்துவிட்டாள் என்று தாயார் என்னிடம் சற்று வருத்தத்தோடு கூறினார். பெரியம்மாவும் அங்கே இருந்தார். அவரிடம் நான் எதுவும் பேசவில்லை, பேசியிருக்கலாம்.

பேசாலை அம்மையாரே, மகளிடம் அந்தக் குப்பியை வாங்கி, அமிலத்தின் பெயரையும் வீதத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பகலில் அவள் வெயிற்காப்பு ஏதும் பூசுகிறாளா என்பதையும் கேட்டு எழுதுங்கள். நம் கிணற்று நீரிற் சவர்க்காரம் நுரைக்காதது ஏன் என்று தலைமன்னார் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அது அடுத்த கிழமை.